கட்டிலில் இருப்பவரும் கட்டிலோரம் இருப்பவரும்

தாம்பரம் பக்கத்தில், வீட்டுப் பெரியவரைப் பார்த்துக்கொள்ளப் புதிதாக இறங்கியிருக்கும் பிள்ளைகளுக்கும் மருமகள்களுக்கும் ஒரு கிழவி சொல்கிறேன்.

1. அல்லாடுவது நீங்கள் மட்டும் இல்லை. ராத்திரியில் உங்களை எழுப்பத் தயங்கி, அவர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார். அப்புறம் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, திடீரென்று முன்னுக்குப் பின் முரணான பேச்சு. "எத்தனை தடவை வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்" என்று வாயால் சொன்னால் நம்பமாட்டார். கைக்கு எட்டும் இடத்தில் பூஜை மணியை வைத்து, ஒருமுறை அடிக்கவைத்துப் பாருங்கள்.

2. செலவையும் முறை வைத்துப் பார்ப்பதையும் வாசலில் நின்று கிசுகிசுக்காதீர்கள். அவர் எதிரிலேயே பேசுங்கள். ஸ்ட்ரோக்கில் வாய் குழறினால் புத்தியும் போய்விட்டதாக நினைப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். தலையசைத்துப் பதில் சொல்கிற மாதிரி கேட்டால் போதும்.

3. பென்ஷன் கணக்கை அவரிடமிருந்து பிடுங்காதீர்கள்.

4. இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். ஏர் பெட் வாங்கினாலும் இது தப்பாது. அக்குளில் கைகொடுத்து இழுத்தால் அவருக்குத் தோள் போகும், உங்களுக்கு இடுப்பு போகும். அடியில் மடித்த போர்வையை விரித்து, இருபுறமும் இருவர் பிடித்து நகர்த்துங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவரையே எண்ணச் சொல்லுங்கள். மூன்றில் அவரும் உடம்பைக் கொடுப்பார். பாதி பாரம் குறையும்.

5. உதவி கேட்கக் கூச்சம் எதற்கு? 2021-இல் வந்த மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபிஸ்டும் நோய் ஆதரவு சிகிச்சை நர்ஸும் வீட்டுக்கே வருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். முதியோருக்கென்றே 2024-இல் கிண்டியில் மருத்துவமனை திறந்திருக்கிறது. மனசு தாங்காத ராத்திரிக்கு டெலி மானஸ், 14416. போனை அவரிடமும் கொடுங்கள், அவருக்கும் பேச விஷயம் இருக்கும்.

6. சண்டை வரும், வரட்டும். டயப்பரை மாற்றிவிட்டுக் கோபமாக மாடிக்குப் போங்கள். மாற்றாமல் மட்டும் போகாதீர்கள்.

7. முடிச்சூர், வரதராஜபுரத்துக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. 2015 டிசம்பரில் அடையாறு வீட்டுக்குள் வந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். தரைத்தளத்தில் கட்டில் என்றால், எந்த வீட்டு மாடி, தூக்க யார் யார் என்பதை ஐப்பசி பிறக்குமுன்பே அவரையும் வைத்துக்கொண்டு பேசி முடியுங்கள். எதிர்வீட்டுக்காரரோடு அவருக்குப் பழைய மனஸ்தாபம் இருந்தால் அதுவும் அப்போதுதான் வெளியே வரும்.