சுட்டெண்ணும் சுழற்சியும்

கணினிக்கு ஆணை எழுதப் புகும் மாணவர் முதன்முதல் இடறுமிடம், பட்டியலிலுள்ள பொருள்களைச் சுட்டெண் கொண்டு ஒவ்வொன்றாய் எடுக்குமிடமேயாம். நாமும் அங்கு இடறியவர்களே. ஆதலின் அதனைப் பைதான் மொழியின்வழி ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

ஒரு வாரத்து மழையளவைக் காட்டும் பட்டியலொன்றை எடுத்துக்கொள்வோம்: 4, 0, 12, 7, 3, 9, 20 மில்லிமீட்டர். பொருள்கள் 7. ஆயினும் முதற்பொருளின் சுட்டெண் 1 அன்று, 0 ஆகும். இறுதிப்பொருளின் சுட்டெண் 6. ஒரு பொருளை அடையுமுன் எத்தனை பொருள்களைக் கடந்தோம் என்பதே சுட்டெண் எனக் கொள்ளின் மயக்கம் நீங்கும். முதற்பொருளை அடைய நாம் எதனையும் கடக்கவேண்டுவதில்லையன்றோ?

பட்டியலின் நீளத்தை 'லென்' என்னும் ஆணை கூறும். அந்நீளத்தை 'ரேஞ்ச்' என்பதற்குக் கொடுப்பின் 0 முதல் 6 ஈறாக எண்கள் கிடைக்கும், 7 வாராது. இவ்வாறு தொடக்கத்தைச் சேர்த்து முடிவை விலக்கும்போது, இரண்டெல்லைகளின் வேற்றுமையே பொருள்களின் தொகையாகும். இந்நலத்தையும் எடுத்துக்காட்டியே, 0 முதலாக எண்ணுதல் தக்கதென டைக்ஸ்ட்ரா என்னும் டச்சு அறிஞர் 1982-ல் வாதித்தார்.

இனி, ஒவ்வொரு நாளின் மழையும் முந்திய நாளினும் எவ்வளவு மிகுந்தது என அறிய விரும்புகிறோம். சுட்டெண்ணில் 1 கழித்து முந்திய பொருளை எடுக்கலாம். சுழற்சியை 0-வில் தொடங்கினால் என்னாகும்? சுட்டெண் −1 ஆகும். பைதானில் அஃது இறுதிப்பொருளைக் குறிக்கும். ஆகவே இயந்திரம் 4-லிருந்து 20-ஐக் கழித்து, முதல்நாள் மழை 16 மில்லிமீட்டர் குறைந்ததெனக் கூசாது கூறும். முந்திய நாளோ நம் பட்டியலிலேயே இல்லை! சுட்டெண் 7-ஐக் கேட்டிருந்தால் பிழையென்று அறிவித்து நின்றிருக்கும். அறிவித்து நிற்கும் பிழையினும் அறிவியாது தொடரும் பிழையே அஞ்சத்தக்கது.

பரிகாரம் எளிது: சுழற்சியை 1-ல் தொடங்குக. அப்போது −4, 12, −5, −4, 6, 11 என 6 விடைகளே வரும். அவற்றின் கூட்டுத்தொகை 16. இறுதிநாளளவில் முதல்நாளளவைக் கழித்தாலும் 16. பிழைபட்ட விடையும் சேர்ந்திருப்பின் தொகை 0 ஆகியிருக்கும். இவ்வாறே ஒவ்வொரு கணக்கையும் சரிபார்க்க.

நிற்க. பொருள்கள் மட்டும் போதுமெனின் சுட்டெண் வேண்டா; பட்டியலை நேரே சுழற்றலாம். இரண்டும் வேண்டின், 2003-ல் பைதானிற் சேர்ந்த 'எனுமரேட்' உதவும். எம்முறையைக் கையாளினும், முதற்பொருளிலும் இறுதிப்பொருளிலும் நிகழ்வதைத் தாளில் எழுதிப் பார்த்த பின்னரே இயந்திரத்தை நம்புவோமாக.