காமிராவின் தன்னியக்கக் குவிவும் அதன் விரைவும்

2019ஆம் ஆண்டு நமது கல்லூரி விளையாட்டு விழாவின் இறுதி நாள் மாலையில், தொடரோட்டத்தின் முடிவுக் கோட்டிற்கு அப்பால் யான் காமிராவும் கையுமாய் நின்றிருந்தேன். கோலை இறுதியாகப் பெற்று ஓடிவந்த மாணவர் எம் விடுதியைச் சேர்ந்தவர். அவ்வாண்டே கல்லூரியை விட்டு நீங்கவிருந்தவர். மூன்றாமிடத்தில் இருந்தபொழுது கோலைப் பெற்ற அவர், மற்றை இருவரையும் முந்திவந்து மார்பால் நாடாவைத் தொட்டார். மைதானம் அதிர்ந்தது. யானும் இடைவிடாது பொத்தானை அமுக்கினேன். அன்றிரவு படங்களைப் பார்த்தபொழுது, தொலைவிலிருந்த நடுவர் மேசையும் அதன்மேலிருந்த தண்ணீர்க் கூஜாவும் மிகத் தெளிவாயிருந்தன. ஓடிவந்தவரோ எல்லாப் படங்களிலும் புகைபோற் கலங்கியிருந்தார். சில நாள் கழித்து அவருடைய தாயார் அப்படத்தைக் கேட்டு ஊரிலிருந்து சொல்லியனுப்பினார். கொடுப்பதற்கு என்னிடம் ஒன்றுமில்லை.

காமிரா புதியது. ஒரு விநாடியை நூறு கூறாக்கினால் அவற்றுட் சில கூறுகளுக்குள் அது பொருளைக் குவித்துவிடும் என்று விற்றவர் கூறியதும் பொய்யன்று. லென்ஸோ, பழைய காமிராவிற்கென இருபதாண்டுகட்கு முன் வாங்கியது, வேறொரு நிறுவனத்தாரது, அடாப்டர் என வழங்கும் இணைப்பு வளையத்தின் உதவியாற் பொருத்தப்பட்டது. விரைவு என்பது காமிராவினுள் அடைத்து விற்கப்படும் ஒரு பண்டம் என்று யான் எண்ணியதே பிழை. அது காமிராவுக்கும் லென்ஸுக்கும் இடையே நிகழும் ஒரு வினை. இருவருள் மெதுவானவர் எவரோ அவருடைய விரைவே இருவருக்கும் விரைவாய் முடியும். இதனை நம் மாணவர் காசு கொடுப்பதற்கு முன்னரே அறிந்துகொள்ளுதல் நலம். பலருடைய வீட்டில் ஒரு காமிராவின் விலை ஓராண்டுக் கல்லூரிச் சம்பளத்தினும் மிகுதியன்றோ!

முதற்கண், லென்ஸ் எவ்வளவு தூரம் நகரவேண்டும் என்பதைக் கணக்கிட்டறிவோம். பள்ளியின் மேல் வகுப்பிற் கற்ற லென்ஸ் சூத்திரமே இதற்குப் போதும். மிகத் தொலைவிலுள்ள பொருளுக்குக் குவிந்து நிற்கும் 50 மில்லிமீட்டர் லென்ஸ், 10 மீட்டர் தூரத்திலுள்ள ஒருவரைத் தெளிவாகக் காட்டவேண்டுமாயின் கால் மில்லிமீட்டர் முன்னே வரவேண்டும். 5 மீட்டராயின் அரை மில்லிமீட்டர். இனி 200 மில்லிமீட்டர் லென்ஸைக் கொள்வோம். அது முழுவதும் ஒருசேர நகருமாயின், 10 மீட்டருக்கு ஏறக்குறைய 4 மில்லிமீட்டரும், 5 மீட்டருக்கு 8 மில்லிமீட்டருக்குச் சற்று மேலும் நகரவேண்டும். குவிய தூரம் நான்கு மடங்கானால் நகர்ச்சி ஏறக்குறைய பதினாறு மடங்காகின்றது. நெடுந்தொலை லென்ஸுகள் தடுமாறுவதற்கு முதற் காரணம் இதுவே.

ஓட்டக்காரரை இக்கணக்கிற் சேர்ப்போம். 100 மீட்டரை பன்னிரண்டரை விநாடியில் ஓடுபவர் விநாடிக்கு 8 மீட்டர் வருகின்றார். 10 மீட்டருக்கு அப்பால் இருந்தவர் விநாடியின் பத்திலொரு பங்கு கழிந்ததும் 9.2 மீட்டரில் இருப்பார். அதற்குள் அந்த 200 மில்லிமீட்டர் லென்ஸ் 0.36 மில்லிமீட்டர் நகர்ந்திருத்தல் வேண்டும். எஃப் 2.8 என்னும் அகன்ற திறப்பில், கண்ணுக்குப் புலனாகாதபடி பொறுத்துக்கொள்ளக்கூடிய பிழையோ இருபுறத்தும் ஏறக்குறைய 0.08 மில்லிமீட்டரே. ஆகவே பத்திலொரு விநாடி தாமதித்த லென்ஸ் பொறுக்கத்தக்க அளவைப் போல் நான்கு மடங்கு தவறிவிடுகின்றது. என் படங்கள் சிறிதே மங்காமல் முழுதும் கலங்கியதன் மர்மம் இதுதான்.

எவ்வளவு நகரவேண்டும் என்பதை அறிந்தோம். எப்புறம் நகரவேண்டும் என்பதைக் காமிரா எவ்வாறு அறிகின்றது? இதற்கு இரு வழிகள் உண்டு. ஒன்று, பிம்பத்தின் கருமை வெண்மை வேறுபாட்டை அளந்துகொண்டே லென்ஸை நகர்த்துவது. வேறுபாடு மிகுந்துகொண்டே போயின் வழி சரி. குறையத் தொடங்கினாற் பின்வாங்கவேண்டும். வீணையின் தந்தியை முறுக்குவோன் சுருதியைச் சிறிது தாண்டிய பின்னரே ‘அதோ, அங்கேதான் இருந்தது’ என்று திரும்புவது போல்வது இது. முடிவில் மிகச் சரியான இடத்திற்கே வந்து நிற்கும். ஆயின் தாண்டியும் திரும்பியும் காலம் போக்கும். அசையாத மாதாகோயிற் கோபுரத்திற்கு இது சாலும், ஓடுபவருக்குச் சாலாது.

மற்றை வழியை விளங்கிக்கொள்ள நம் மாணவர் காமிரா ஒன்றும் வாங்கவேண்டுவதில்லை. ஒரு தபாலட்டையும் இரண்டு ஊசிகளும் போதும். இயேசு சபைத் துறவியாகிய கிறிஸ்தோபர் ஷைனர் என்பார், 1619இல் இன்ஸ்ப்ருக் நகரில் வெளியிட்ட, ‘கண்’ எனப் பொருள்படும் ‘ஓகுலுஸ்’ என்னும் இலத்தீன் நூலில் இச்சோதனையை விளக்கியுள்ளார். அட்டையில் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் பக்கத்திற் பக்கமாக இரு ஊசித் துளைகள் இடுக. ஒரு கண்ணை மூடி, மற்றைக் கண்ணை ஒட்டினாற்போல் அட்டையைப் பிடித்து, இரு துளைகளின் வழியாகவும் வெளிச்சமுள்ள சன்னலை நோக்குக. கையெட்டும் தூரத்திற்குள் ஓர் ஊசியை நெட்டுக்குத்தாய் நிறுத்தி, பார்வையை மட்டும் அதற்கு அப்பால் தொலைவிற் செலுத்துக. ஊசி இரண்டாய்த் தோன்றும்! பார்வையை ஊசிமேற் செலுத்தினவுடன் இரண்டும் ஒன்றாய்க் கூடும். மீண்டும் தொலைவை நோக்கி, ஊசி இரண்டாயிருக்கும்பொழுது வலத் துளையை மூடுக. இடப்புறத்து ஊசி மறையும். இனி இதனைத் தலைகீழாகச் செய்க: பார்வையை அண்மையில் நிறுத்தித் தொலைவிலுள்ள சன்னற் கம்பி இரண்டாய்த் தோன்றும்பொழுது அதே வலத் துளையை மூடினால், இம்முறை வலப்புறத்துக் கம்பியே மறையும். (முதியோர் இதிற் சற்று இடர்ப்படுவர், யானும் அவருள் ஒருவனாகி வருகின்றேன்.)

இதன் உட்பொருளைச் சிந்திப்போமாக. லென்ஸின் வலப்பாதி வழியாக வரும் பிம்பமும் இடப்பாதி வழியாக வரும் பிம்பமும் குவிவு பிழைத்தபொழுது ஒன்றைவிட்டொன்று விலகுகின்றன. எது எப்புறம் விலகிற்று என்பது, பார்வை பொருளுக்கு முன்னே நிற்கின்றதா பின்னே நிற்கின்றதா என்பதைக் கூறுகின்றது. எவ்வளவு விலகிற்று என்பது பிழையின் அளவைக் கூறுகின்றது. ஒரே பார்வையிற் திசையும் தூரமும் தெரிந்துவிடுவதால், லென்ஸ் தேடவேண்டுவதில்லை; ஒரே பாய்ச்சலிற் போய்ச் சேரலாம்.

1985இல் மினோல்டா 7000 வெளிவந்தது முதல், ஆடியுடைய காமிராக்கள் இம்முறையைத்தான் கையாண்டன. ஆடிக்குப் பின்னாலிருந்த ஒரு சிற்றாடி, ஒளியிற் சிறு பகுதியைக் காமிராவின் அடியிலிருந்த தனிப்பட்ட உணர்கருவிக்கு அனுப்பிற்று. 2008இல் பானஸோனிக் நிறுவனத்தார் ஜி1 என்னும் மிரர்லெஸ் காமிராவை வெளியிட்டு ஆடியையே நீக்கினர். ஆடி போகவே அவ்வுணர்கருவிக்கும் ஒளி போயிற்று. பழைய வீணை முறையே புதிய காமிராவிற்குக் கதியாயிற்று. மிரர்லெஸ் காமிராக்கள் மெதுவானவை என்ற பேச்சு எழுந்தது அக்காலத்தில்தான்; அது மறைந்த பின்னரும் பலர் வாயில் அப்பேச்சு மறையவில்லை.

பின்னர் நேர்ந்தது வியக்கத்தக்கது. படத்தைப் பதிவு செய்யும் சென்ஸார் தகட்டிலேயே ஷைனரின் துளைகளை அமைத்துவிட்டனர். 2011இல் வெளிவந்த நிக்கான் 1 காமிராக்களிற் சென்ஸாரின் சில புள்ளிகள் லென்ஸின் ஒரு பாதியை மட்டும் காணுமாறு செய்யப்பட்டன. 2013இல் கானன் நிறுவனத்தார் 70டி என்னும் காமிராவில் ஒவ்வொரு புள்ளியையுமே இடம் வலமாக இரண்டாய்ப் பிளந்தனர். பானஸோனிக் நிறுவனத்தார் மட்டும் நெடுங்காலம் பழைய வழியையே செப்பஞ்செய்துகொண்டிருந்து, 2023இல் எஸ்5 காமிராவின் இரண்டாம் பதிப்பில் இப்புதுவழிக்கு வந்தனர்.

மேற்கூறிய சோதனையில் ஊசியைப் படுக்கையாகப் பிடித்துப் பாருங்கள். பார்வையை எங்கே செலுத்தினும் அது இரண்டாகத் தோன்றாது. இரு பிம்பங்களும் ஊசியின் நீளத்திலேயே விலகுவதால் விலகல் கண்ணுக்குத் தெரிவதில்லை. இடம் வலமாக மட்டும் பிளந்த சென்ஸார்களுக்கும் இக்குறை உண்டு. படிக்கட்டு, கிடைக்கோடிட்ட துணி, சன்னலின் மடிப்புப் பலகை ஆகியவற்றின்முன் காமிரா திகைத்து நிற்குமாயின் அதனைச் சற்றே சாய்த்துப் பிடியுங்கள், உடனே கண்டுகொள்ளும். இந்தச் சிறு உபாயத்தைக் கடையில் எவரும் எனக்குச் சொல்லவில்லை.

இனி, திசை தெரிந்தும் லென்ஸ் ஓடவில்லையெனில் என் செய்வது? கண்ணாடியின் கனமே இங்குப் பெரும் பகை. கானன் நிறுவனத்தார் 2006இல் வெளியிட்ட 85 மில்லிமீட்டர், எஃப் 1.2 லென்ஸ் முகப்படம் எடுப்பார்க்கு ஒரு செல்வம். ஆயின் ஒரு கிலோகிராமுக்குச் சற்று மேற்பட்ட எடையுள்ள அதில், கனத்த கண்ணாடிகளுட் பெரும்பகுதியை நகர்த்தியாக வேண்டும். எவ்வளவு விரைவான காமிராவில் மாட்டினும் அது தன் நடையிலேதான் நடக்கும். இக்காலத்து லென்ஸ் அமைப்போர் முழுப் பாரத்தையும் நகர்த்துவதை விடுத்து, உள்ளேயிருக்கும் மெல்லிய ஒன்றிரண்டு கண்ணாடிகளை மட்டும் நகர்த்திக் காரியத்தை முடிக்கின்றனர். 2021இல் வந்த ஸோனியின் 70 முதல் 200 மில்லிமீட்டர் வரையுள்ள எஃப் 2.8 லென்ஸில் இதற்கென நேர்க்கோட்டில் இயங்கும் நான்கு மோட்டார்கள் உள்ளன.

மோட்டாரின் சுபாவமும் கவனிக்கத்தக்கது. 1987இல் கானன் நிறுவனத்தார் புகுத்திய வளைய வடிவான மோட்டார், காதுக்கெட்டாத அதிர்வினாற் சுழல்வது. ஒரே பாய்ச்சலிற் போய் நிற்பதிற் பேராற்றல் உடையது. ஆடியுடைய காமிரா கேட்டதும் அதைத்தான். மிரர்லெஸ் காமிராவோ இடையறாது பார்த்துக்கொண்டு, ‘சிறிது முன்னே, இன்னும் சிறிது, அரைக்காற்பங்கு பின்னே’ என்று ஓயாமற் கட்டளையிடுகின்றது. 2017இல் ஸோனி வெளியிட்ட ஏ9 விநாடிக்கு 60 முறை இவ்வாறு கணக்கிட்டது. நம் ஓட்டக்காரர் ஒரு கணக்குக்கும் மறு கணக்குக்கும் இடையே 13 சென்டிமீட்டரே வந்திருப்பார். சென்ற சில கணக்குகளைக் கொண்டு, திரை திறக்கும் தருணத்தில் அவர் எங்கிருப்பார் என்பதையும் காமிரா முன்கூட்டியே ஊகித்துவிடுகின்றது. ஆயின் அறுபது கட்டளைகளையும் நிறைவேற்றும் லென்ஸ் இல்லையெனில் அவ்வூகத்தாற் பயன் என்னை? பாய்வதற்கே பழகிய குதிரையை அடியளந்து நடக்கச் சொன்னால் தடுமாறாதோ?

எனது பழைய லென்ஸின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. அதற்கும் காமிராவுக்கும் பாஷை வேறு. இணைப்பு வளையம் நடுவே துபாஷியாயிருந்தது. ஒவ்வொரு கட்டளையும் மொழிபெயர்க்கப்பட்டுச் சென்றது. பழைய லென்ஸுகளை வைத்திருக்கும் நம் பழைய மாணவர்கள் இதனுடன் மற்றொன்றையும் மனத்திற் கொள்க. மினோல்டா, நிக்கான் ஆகிய நிறுவனத்தார் முற்காலத்தில் மோட்டாரைக் காமிராவினுள் வைத்து, ஒரு சிறு தண்டினால் லென்ஸைத் திருகினர். கானன் நிறுவனத்தார் 1987 முதலே ஒவ்வொரு லென்ஸினுள்ளும் மோட்டாரை வைத்து, மின் கம்பிகளால் மட்டும் கட்டளையனுப்பினர். முப்பதாண்டு கழிந்து அதன் பயன் தெரிந்தது. கானனின் பழைய லென்ஸுகள் அந்நிறுவனத்தின் புதிய மிரர்லெஸ் காமிராக்களில் வளையத்தின் மூலம் நன்கு இயங்குகின்றன. நிக்கான் 2018இல் வெளியிட்ட வளையத்திலோ திருகுதண்டு இல்லாமையால், மோட்டாரற்ற பழைய லென்ஸுகளைக் கையாற்றான் குவிக்கவேண்டும். மினோல்டாவின் லென்ஸுகளைச் சுவீகரித்த ஸோனி நிறுவனத்தார் 2020இல் வளையத்தினுள்ளேயே ஒரு மோட்டாரை வைத்து அவற்றுட் பலவற்றைச் சில காமிராக்களில் மீண்டும் இயங்கச் செய்தனர்.

விளம்பரங்களிற் காணும் எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2014இல் ஸோனியின் ஏ6000 காமிரா 0.06 விநாடியிற் குவிக்கும் என்று கூறப்பட்டது. அவ்வெண் அதனுடன் விற்கப்பட்ட 16 முதல் 50 மில்லிமீட்டர் வரையுள்ள சிறு லென்ஸைக் கொண்டு அளக்கப்பட்டதென்று நிறுவனத்தாரே சிறு எழுத்திற் குறித்திருந்தனர். அதனைக் குறை கூறுதற்கில்லை. பெரிய எழுத்தைப் படிப்பவர் சிறிய எழுத்தையும் படித்தல் வேண்டும். கடைக்குச் செல்வோர் தாம் வாங்கவிருக்கும் லென்ஸையே அக்காமிராவில் மாட்டச் சொல்லி, வாயிலின் வழியே தெருவில் வரும் சைக்கிளை நோக்கிச் சோதித்துப் பார்ப்பாராக. மேசைமேலுள்ள பூச்சாடியைக் குவிக்காத காமிரா இக்காலத்தில் இல்லை.

2023ஆம் ஆண்டு விழாவிற் பழைய மாணவர் ஓட்டத்தில் அம்மாணவர் வந்து கலந்துகொண்டார். என் கையிலிருந்தது அதே காமிரா. லென்ஸ் மட்டும் அக்காமிராவுக்கென்றே செய்யப்பட்டது. எடுத்தவை 41 படங்கள். அவற்றுள் 38 தெளிவாயிருந்தன. முழுப் புகழையும் லென்ஸுக்கே அளித்தல் நியாயமன்று. அவர் இப்பொழுது விநாடிக்கு 8 மீட்டர் ஓடுபவரல்லர். அவற்றுள் ஒன்றை அவர் தாயாருக்கு அனுப்பினேன். அதில் நாடாவைத் தொடுபவர் வேறொருவர் என்பதை அவ்வம்மையார் பொருட்படுத்தவில்லையாம்.