லண்டனில் முதல் நாள்

புதிய ஊருக்குப் போகிறோம். வழி தெரியாது. அந்த ஊர்ப் பழக்கம் தெரியாது. யாரைக் கேட்பது? கேட்டால் சிரிப்பார்களோ? இந்தக் கூச்சம் நம்மில் பலருக்கு உண்டு. காந்தியடிகளுக்கும் ஒரு காலத்தில் இருந்தது.

கப்பல் பயணம்

1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் பம்பாயிலிருந்து ஒரு கப்பல் புறப்பட்டது. அதில் மோகன்தாஸ் காந்தி இருந்தார். அப்போது அவருக்கு வயது 18. சட்டம் படிக்க லண்டனுக்குப் போனார். லண்டன் இங்கிலாந்தின் தலைநகரம். மாமிசம் உண்ண மாட்டேன், மது அருந்த மாட்டேன், ஒழுக்கம் தவற மாட்டேன் என்று தாய் புத்லிபாய்க்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தார்.

கப்பலில் ஆங்கிலம் பேச அவருக்குக் கூச்சம். சாப்பாட்டு மேசையில் கத்தியும் முள்கரண்டியும் வைத்திருந்தார்கள். அவற்றைப் பிடிக்கத் தெரியவில்லை. எந்த உணவில் மாமிசம் இல்லை என்று கேட்கவும் துணிவு வரவில்லை. அதனால் மேசைக்கே போகவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த இனிப்பையும் பழத்தையும் தன் அறையில் இருந்தே சாப்பிட்டார்.

வெள்ளை உடை

செப்டம்பர் மாதக் கடைசி. ஒரு சனிக்கிழமை. கப்பல் இங்கிலாந்தை அடைந்தது. கரையில் இறங்கும்போது வெள்ளை உடை அழகாக இருக்கும் என்று மோகன்தாஸ் நினைத்தார். வெள்ளைக் கம்பளி உடையைப் போட்டுக்கொண்டு இறங்கினார். சுற்றிலும் பார்த்தார். வேறு யாரும் வெள்ளை உடுத்தவில்லை! வெட்கமாகிவிட்டது. மாற்று உடை பெட்டியில் இருந்தது. பெட்டியும் சாவியும் முகவரிடம் இருந்தன. மறுநாள் ஞாயிறு, விடுமுறை. பெட்டி கிடைக்காது. அதே உடையில்தான் இருக்க வேண்டும்.

நகரும் அறை

லண்டனில் விக்டோரியா ஓட்டலில் தங்கினார். பெரிய ஓட்டல். எங்கும் மின்விளக்கு வெளிச்சம். அப்படி ஒரு பகட்டை அவர் அதுவரை பார்த்ததில்லை. ஒரு கதவைத் திறந்தார்கள். உள்ளே சிறிய அறை. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கும் இடம் போலும் என்று நினைத்தார். அந்த அறை அப்படியே மேலே போனது! அதுதான் லிப்ட்.

தொப்பி தந்த பாடம்

அன்று இரவு டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா அவரைப் பார்க்க வந்தார். அவர் முன்பே லண்டனில் இருந்தவர். வெள்ளை உடையைப் பார்த்துப் புன்னகை செய்தார். பேசிக்கொண்டிருந்தபோது மோகன்தாஸ் அவருடைய உயரமான தொப்பியை எடுத்தார். அதன் மென்மையான ரோமத்தை எதிர்ப்பக்கமாகத் தடவினார். ரோமம் கலைந்துவிட்டது. மேத்தா கொஞ்சம் கோபமாகப் பார்த்துத் தடுத்தார்.

பிறகு மேத்தா அந்த நாட்டுப் பழக்கங்களைச் சொல்லித் தந்தார். பிறர் பொருளைத் தொடக் கூடாது. முதல் சந்திப்பிலேயே சொந்த விஷயங்களைக் கேட்கக் கூடாது. உரக்கப் பேசக் கூடாது. பேசும் ஒவ்வொருவரையும் 'சார்' என்று அழைக்க வேண்டாம். வேலைக்காரர்கள்தான் எசமானர்களை அப்படி அழைப்பார்கள். ஓட்டலில் செலவு அதிகம் என்றும் எச்சரித்தார். ஒரு குடும்பத்தோடு தங்குவதே நல்லது என்றார்.

அது உண்மைதான். ஓட்டலைவிட்டுப் போகும்போது 3 பவுன் கேட்டார்கள். மோகன்தாஸ் திடுக்கிட்டார். அவர் வயிறார உண்ணவே இல்லை. ஓர் உணவு பிடிக்காமல் வேறு கேட்டார். இரண்டுக்கும் பணம் கொடுக்க வேண்டியிருந்தது.

கூச்சம் போனது

பின்னர் ஒரு குடும்பத்தோடு தங்கினார். லண்டனில் சைவ உணவுக் கடைகள் உண்டு என்று அந்த வீட்டு அம்மாள் சொன்னார். மோகன்தாஸ் தேடிப் புறப்பட்டார். நாள்தோறும் 10, 12 மைல் நடந்தார். ஒருநாள் பாரிங்டன் தெருவில் அப்படி ஒரு கடையைக் கண்டார். குழந்தையைப் போல மகிழ்ந்தார். வாசல் அருகே கண்ணாடிக்குப் பின்னால் புத்தகங்கள் விற்பனைக்கு இருந்தன. சைவ உணவைப் பற்றி ஹென்றி சால்ட் எழுதிய ஒரு புத்தகத்தை வாங்கினார். அதன் பிறகே உள்ளே போய்ச் சாப்பிட்டார். இங்கிலாந்துக்கு வந்த பிறகு அன்றுதான் வயிறார உண்டார்.

லண்டனில் நாள்தோறும் செய்தித்தாள் படிக்கவும் பழகினார். ஊரில் இருந்தபோது அவர் செய்தித்தாள் படித்ததே இல்லை. 1891-ஆம் ஆண்டு வழக்கறிஞராகி நாடு திரும்பினார்.

முதல் நாள் பட்ட வெட்கத்தை அவர் மறைக்கவில்லை. பிற்காலத்தில் தன் வாழ்க்கை வரலாற்றில் தானே எழுதினார். தெரியாமல் இருப்பது குற்றம் அல்ல. கேட்கக் கூசினால் பசியோடு இருக்க வேண்டும். கேட்டால் வழி கிடைக்கும். படிக்கத் தெரிந்தால் நாமே வழியைக் கண்டுபிடிக்கலாம்.

விடை கூறுங்கள்

1. மோகன்தாஸ் ஏன் கப்பலில் சாப்பாட்டு மேசைக்குப் போகவில்லை?
2. வெள்ளை உடையை அவரால் ஏன் மாற்ற முடியவில்லை?
3. மேத்தா சொல்லித் தந்த பழக்கங்களில் இரண்டைக் கூறுங்கள்.

பேசுங்கள், எழுதுங்கள்

நீங்கள் முதன்முதலாக ஒரு பெரிய ஊருக்குப் போன நாளை நினைத்துப் பாருங்கள். அன்று யாரிடம் வழி கேட்டீர்கள்? எதைக் கேட்கக் கூசினீர்கள்? ஐந்து வரிகள் எழுதுங்கள்.