மூட்டு வலிக்கு பாரம் தூக்கலாமா?

"களை எடுக்குறோம், தண்ணிக் குடம் தூக்குறோம், இதுக்கு மேல உடற்பயிற்சி எதுக்கு?" என்று நம் குழுக் கூட்டங்களில் மூத்த சகோதரிகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் குனிந்தே செய்யும் வேலை இடுப்புக்கும் முழங்காலுக்கும் பாரம் தருகிறதே தவிர, முழங்காலைத் தாங்கும் முன்தொடைச் சதையைப் போதுமான அளவு வலுவாக்குவதில்லை. மாதவிடாய் நின்றபின் எலும்பின் உறுதியும் வேகமாகக் குறைகிறது. அப்புறம் ஒரு சறுக்கலே இடுப்பு எலும்பை முறித்துவிடும்.

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டுங்கள். 5 எண்ணும்வரை வைத்திருந்து மெதுவாக இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் 10 முறை. இரண்டு வாரத்தில் இது சுலபமாகிவிட்டால், அரைக்கிலோ மணலைத் துணிப்பையில் போட்டு கணுக்காலில் கட்டிக்கொள்ளலாம். பாரம் கொஞ்சங்கொஞ்சமாகக் கூடினால்தான் சதை வலுக்கும். அடுத்து, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள். முடியாதவர்கள் ஊன்றிக்கொள்ளலாம், இதில் வெட்கம் என்ன! வாரத்தில் 2, 3 நாள் போதும்.

லேசான வலி இருக்கும். மறுநாள் காலையிலும் குறையவில்லை என்றால் பாரத்தைக் குறையுங்கள். மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

ஆஸ்திரேலியாவில் எலும்பு மெலிந்த, 58 வயது தாண்டிய பெண்கள் வாரம் 2 முறை, அரைமணி நேரம், 8 மாதம் கனமான பாரம் தூக்கிப் பழகினார்கள். முதுகெலும்பின் உறுதி கூடியதாக 2018-ல் வெளியான அந்த ஆய்வு சொல்கிறது. ஆனால் பயிற்சியாளர் பக்கத்தில் நின்று செய்ய வைத்தது அது. அதைப் பார்த்து நாம் வீட்டில் சிமெண்டு மூட்டை தூக்கிவிடக் கூடாது! எலும்பு மெலிந்தவர்கள் முதுகை வளைத்துக் குனிந்து எதையும் தூக்க வேண்டாம். ஏற்கெனவே எலும்பு முறிந்தவர்கள் டாக்டரையோ பிசியோதெரபிஸ்டையோ கேட்டபிறகே தொடங்குங்கள்.