ஓதம் பார்த்து ஷீட் விரி

தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர் பக்கம் சமையலறையைப் புதுப்பிக்கிறவர்களில் சிலர் இப்போது லினோலியம் கேட்கிறார்கள். பழைய மொசைக்கை உடைத்தால் தூசி, சத்தம், கீழ் வீட்டுக்காரரோடு சண்டை. ஷீட் என்றால் இரண்டே நாளில் முடிந்துவிடும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்காகச் சிலதை எழுதிவைக்கிறேன். முதல் இரண்டையும் செய்யாதவன் மீதியைப் படிக்க வேண்டாம்.

1. தெருவைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்.

பார்ட்டி வீட்டுக்குள் கால் வைத்ததும் அந்த அம்மா மாடல் புத்தகத்தைக் கேட்பார். "காட்டறேன்மா" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வா. ரோடு வீட்டைவிட உயரமாக இருக்கிறதா? நம் பக்கத்தில் பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, முப்பது நாற்பது வருஷத்து வீடுகள் பல பள்ளத்துக்குள் போய்விட்டன. ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கி நிறுத்துகிற பிழைப்பு இங்கே நடப்பது சும்மா இல்லை.

அடுத்து, வீடு எந்த மண்ணில் நிற்கிறது என்று கேள். பல்லாவரம், திரிசூலம் மலையடிவாரத்தில் கொஞ்சம் தோண்டினாலே பாறை. சிட்லபாக்கம், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் எல்லாம் ஏரியை ஒட்டிய மனைகள். முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்றின் மடியில் இருக்கின்றன. கீழ்க்கட்டளை, நாராயணபுரம் தண்ணீர் பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போகிற வழியில் எத்தனையோ நகர்கள் முளைத்துவிட்டன. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. கொட்டியது. அந்த வெள்ளம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. வெள்ளமே வராத வருஷத்திலும் ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே வந்து தரைவழியாக ஓதம் ஏறுவதைத்தான் யாரும் கணக்கில் வைப்பதில்லை.

மொசைக்கும் சிவப்பு ஆக்சைடும் அந்த ஈரத்தை மெதுவாகக் காற்றில் விட்டுவிடும். அதன் மேல் ஷீட்டை ஒட்டினால் ஈரம் போக வழியில்லை. பசை இளகும், ஷீட் கொப்பளிக்கும், ஓரத்தில் ஒரு புளித்த வாடை வரும். அசல் லினோலியமாக இருந்தால் அடியில் சணல் துணி. அதில் பூஞ்சை பிடிக்கும்.

2. பாலிதீன் ஒட்டிச் சோதி.

ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, கனமான பாலிதீன் மூன்று துண்டு எடு. ஒன்று சிங்க்குக்குக் கீழே, ஒன்று வெளிச்சுவர் ஓரம், ஒன்று அறை நடுவில். நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, ஒரு பகல் ஓர் இரவு விடு. பிரித்துப் பார்க்கும்போது அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ, அந்த இடத்துத் தரை மட்டும் கறுத்திருந்தாலோ வேலையை எடுக்காதே.

இந்தச் சோதனையைச் சித்திரை வெயிலில் செய்தால் ஏமாற்றும். அப்போது சுவரைப் பார். தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்குள் பெயிண்ட் உரிந்து, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் மழைக்காலத்தில் என்ன நடக்கும் என்பது அங்கேயே தெரிகிறது. தரைத்தளம், ஓதம் உண்டு என்றால், "மொசைக்கையே நல்லா பாலிஷ் போட்டுக்குங்க, பளபளன்னு ஆயிடும்" என்று சொல்லிவிட்டு வா. ஒரு வேலை போகும், பரவாயில்லை. அதே தெருவில் மாடி வீட்டுக்காரர் கூப்பிடுவார்.

புதிதாகக் காரை போட்ட தரை என்றால் ஓர் அங்குல கனத்துக்கு ஒரு மாதம் காயவிடு என்பது பழைய கணக்கு. வீட்டுக்காரர் கிரகப்பிரவேசத் தேதியைக் காட்டி அவசரப்படுத்துவார். காரைக்குப் பஞ்சாங்கம் தெரியாது.

3. கையில் இருப்பது என்ன சரக்கு என்று தெரிந்துகொள்.

நம் ஊரில் சுருட்டி விற்கிற எல்லாத் தரை ஷீட்டுக்கும் லினோலியம் என்றுதான் பெயர். அதில் பெரும்பாலானது பி.வி.சி., அதாவது வினைல். அசல் லினோலியம் வேறு. பெயிண்ட் டப்பாவில் ஆளிவிதை எண்ணெய் ஆடை படிந்து ரப்பர் மாதிரி இழுபடுவதைக் கவனித்த ஃபிரெடரிக் வால்டன் என்ற இங்கிலாந்துக்காரர் 1863-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அந்த எண்ணெயோடு குங்கிலியம் மாதிரியான பிசின், தக்கைத் தூள், மரத்தூள், சுண்ணாம்புக்கல் பொடி, நிறப்பொடி எல்லாம் கலந்து சணல் துணிமேல் உருட்டுவார்கள். சணல் விளைகிற வங்காளத்தில், பிர்லாபூரில், நம் நாட்டுக்கே ஓர் ஆலை இருந்தது.

இரண்டுக்கும் பசை வேறு, பராமரிப்பு வேறு. அதனால் திருப்பிப் பார். அடியில் சணல் நெசவு தெரிந்து, வெட்டிய ஓரத்தில் எண்ணெய் வாடை வந்தால் லினோலியம். நிறம் மேலிருந்து அடிவரை ஓடும். வினைலில் பூவும் மர வரியும் மேல் தோலில் அச்சடித்தவைதான். அந்தத் தோல் தேய்ந்தால் கதை முடிந்தது. சந்தேகமாக இருந்தால் ஒரு சின்ன வெட்டுத்துண்டை வெளியே எடுத்துப்போய்க் கொளுத்து. வினைல் உருகிச் சுருளும், புகை மூக்கைக் குத்தும். லினோலியம் கருகும்.

இந்தியத் தர நிர்ணயத்தில் லினோலியத்துக்கு ஐ.எஸ். 653, வளையும் பி.வி.சி. தரைக்கு ஐ.எஸ். 3462. விரிக்கும் முறைக்கும் தனித்தனியே 1198, 5318 என்று இருக்கின்றன. ஒரு தடவையாவது படி. பெரியமேடு சைடன்ஹாம்ஸ் சாலைக் கடையில் சரக்கு எடுக்கும்போது நம்பரைச் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் உன்னை வேறு மாதிரி பார்ப்பார்.

நம் சமையலறைக்கு என் தீர்ப்பு இது. தினமும் வாளித் தண்ணீர் ஊற்றித் தரையைத் தள்ளிவிடுகிற வீட்டுக்கு இரண்டுமே ஆகாது. துடைப்பதோடு சரி என்கிற வீட்டுக்கு 2 மி.மீ. வினைல் போதும். லினோலியம் வேண்டும் என்று தேடி வாங்கிவருகிறவருக்கு அதை மறுக்காதே, பத்தாவது குறிப்பை மட்டும் அவரிடம் படித்துக் காட்டு. அரை மி.மீ. சரக்கை வாடகை வீட்டில் ஒட்டாமல் விரித்துக்கொள்ளலாம். அதற்கு நீ எதற்கு? அவர்களே விரித்துக்கொள்வார்கள்.

4. நிறத்தைப் பற்றி அதிகம் பேசாதே. பால் வெள்ளை கேட்டால் மஞ்சள் தூள் கறையை மட்டும் ஞாபகப்படுத்து. அடர் கறுப்பு கேட்டால் கோலமாவும் கோதுமை மாவும்.

5. அளவெடுக்கும்போதே ஜாயிண்டைத் தீர்மானி.

சுருளின் அகலம் பெரும்பாலும் 2 மீட்டர், ஆறரை அடி. சமையலறை 10க்கு 8 என்று வைத்துக்கொள். நீளவாக்கில் இரண்டு பட்டை ஓட்டினால், ஓரத்துக்கு மூன்று அங்குலம் கூட்டி, 133 சதுர அடி சரக்கு வேண்டும். குறுக்குவாக்கில் ஓட்டினால் 107 போதும். புதிதாக வந்தவன் 26 அடி மிச்சம் என்று சந்தோஷப்படுவான். ஆனால் ஜாயிண்ட் நடக்கிற வழியைக் குறுக்கே வெட்டிப் போகும், சிங்க் தண்ணீர் அதில்தான் இறங்கும்.

இப்போது மேடையைப் பார். பத்தடிச் சுவர் முழுக்க இரண்டடி ஆழத்துக்கு கிரானைட் மேடை. அதன் அடியில் ஷீட் எதற்கு? மீதி ஆறு அடிதான். ஒரே பட்டையில் முடிந்தது: எதிர்ச் சுவரில் நாலு அங்குலம் மேலே ஏற்றி மடித்து, மேடைக்கு அடியில் இரண்டு அங்குலம் உள்ளே தள்ளு. 67 சதுர அடி, ஜாயிண்டே இல்லை. இன்னொரு லாபமும் உண்டு. மேடைக்கு அடியில் நிற்கிற கேஸ் சிலிண்டர் பழைய தரையிலேயே நிற்கும். உள்ளே 14.2 கிலோ கேஸ், இரும்பும் சேர்த்தால் முப்பது கிலோவை ஒட்டி வரும். அதன் அடி வளையத்தை உருட்டிக்கொண்டு வந்தால் எந்த ஷீட்டும் கிழியும். வாசலிலிருந்து மேடை வரைக்கும் சக்கரத் தட்டில் வைத்துத் தள்ளச் சொல்.

6. கடைசி ஆளாகப் போ. பிளம்பர், எலக்ட்ரீஷியன், கார்ப்பென்டர், பெயிண்டர் எல்லோரும் கையைக் கழுவிக்கொண்டு போன பிறகு நீ சுருளை எடுத்துவா. கதவு அடியில் இடிக்குமா என்று மட்டும் முன்னாலேயே பார்த்து, இழைப்புளி போட கார்ப்பென்டரிடம் சொல்லிவை.

7. தரையைத் தயார் செய்வதில்தான் பாதிக் கூலி.

ரூல் தடியைத் தரையில் படுக்கவைத்து, அடியில் டார்ச் அடி. வெளிச்சம் வருகிற இடமெல்லாம் பள்ளம். லெவலிங் காரை ஊற்றி நிரப்பு. பழைய மொசைக்கில் மெழுகு ஊறியிருக்கும், அடுப்புப் பக்கம் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கும். சோப்பு போட்டுக் கழுவி, காயவிட்டு, உப்புக்காகிதத்தால் தேய்த்துச் சொரசொரப்பாக்கு. சிவப்பு ஆக்சைடைக் கத்தி முனையால் கீறிப் பார், மாவாக உதிர்ந்தால் அந்தத் தோல் போகிறவரை சுரண்டு. பெருக்கிய பிறகு உள்ளங்கையால் தரை முழுக்கத் தடவு. ஒரு மணல் விட்டாலும் ஒரு வாரத்தில் ஷீட் மேல் பருவாகத் தெரியும்.

பழைய குவார்ட்டர்ஸ், பழைய ஆபீஸ் கட்டடங்களில் கெட்டியான, சதுரச் சதுரமான பிளாஸ்டிக் டைல் ஒட்டியிருந்தால் கை வைக்காதே. ஐ.எஸ். 3461 என்று ஒரு தரமே இருந்தது, வினைலில் அஸ்பெஸ்டாஸ் நார் கலந்த டைலுக்கு. உடைத்தாலோ மெஷின் வைத்துத் தேய்த்தாலோ அந்த நார் நுரையீரலுக்குள் போய்விடும். நன்றாக ஒட்டியிருந்தால் மேலேயே விரி. பெயர்ந்திருந்தால் விஷயத்தைச் சொல்லிவிட்டு விலகு.

8. பசை திறக்கும் முன் ரெகுலேட்டரை மூடு.

வினைலுக்கு நாம் போடுகிற ரப்பர் பசையில் இருப்பது பெட்ரோல் மாதிரி பற்றிக்கொள்கிற கரைப்பான். அதன் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தரையாகப் படுத்திருக்கும். சிலிண்டரை வெளியே எடு. சாமி விளக்கை அணைக்கச் சொல். ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கு, அதன் உள்ளே பொறி தட்டும். ஜன்னலைத் திற. பீடி பிடிக்கிற ஹெல்பரைத் தெருவுக்கு அனுப்பு.

பசையைத் தரையிலும் ஷீட் முதுகிலும் மெல்லிசாகத் தடவி, விரல் வைத்தால் நூல் இழுக்காத பதம் வரும்வரை பொறு. மே மாதத்தில் டீ வருவதற்குள் அந்தப் பதம் வந்துவிடும். அடைமழையில் பசை மேல் வெள்ளைப் படலம் படியும். அன்றைக்கு வேலையைத் தள்ளிப்போடு. இது பட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும் பசை, நகர்த்த முடியாது. ஒரு முனையிலிருந்து சுருளை அவிழ்த்துக்கொண்டே போ.

அசல் லினோலியத்துக்கு இந்தப் பசை வேண்டாம். அதற்கென்று தண்ணீர் கலந்த அக்ரிலிக் பசை வரும்; பல் வைத்த கரண்டியால் தரையில் மட்டும் இழுத்து, ஈரத்திலேயே விரித்து, கனமான ரோலர் ஓட்டு. சணல் ஈரம் குடித்தால் ஷீட் நீளவாக்கில் சுருங்கும், அகலவாக்கில் விரியும். அதனால் ஓரத்தை முதலிலேயே கச்சிதமாக வெட்டிவிடாதே. எதுவானாலும் முந்தின நாளே சுருளை அதே அறையில் கொண்டுவந்து வை. வண்டியிலிருந்து நேராக இறக்கி விரிப்பது வேண்டாம்.

9. மூலையை ஹீட் கன் வைத்துச் சூடாக்கி மடி, வினைலுக்கு மட்டும். லினோலியத்தை அப்படி மடித்தால் விரிசல் விடும்; அதற்குத் தனி ஸ்கர்ட்டிங் அடி. நானி ட்ராப்பைச் சுற்றி ஷீட் ஓரத்துக்குச் சிலிக்கான் பூச மறக்காதே. ஜாயிண்ட் தவிர்க்க முடியாத அறையில் வெல்டிங் ராடு ஓட்டு. எக்ஸ்பிரஸ் ரயிலில் போகும்போது பாத்ரூம் பக்கம் விரித்திருக்கும் பி.வி.சி. ஷீட்டைக் கொஞ்சம் குனிந்து பார்: எந்த ஓரம் தூக்குகிறது, எது வருஷக்கணக்காக அசையாமல் இருக்கிறது என்று. டிக்கெட் காசிலேயே ஒரு பாடம்.

10. வீட்டு அம்மாவிடமும், வேலைக்கு வருகிற அம்மாவிடமும் சேர்த்துச் சொல்.

வீட்டுக்காரரிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை, அவர் துடைக்கப் போவதில்லை. லினோலியத்துக்குக் காரம் ஆகாது: சலவை சோடா, பிளீச்சிங் பவுடர் கரைசல் பட்டால் எண்ணெய்ப் பிடிப்பு இளகி, நிறம் போய், சொரசொரக்கும். மழைக்குப் பிறகு தெருவில் தூவுகிற பிளீச்சிங் பவுடர் செருப்போடு உள்ளே வருவதும் இதில் அடக்கம். மிதமான சோப்பு நீர், நன்றாகப் பிழிந்த துணி, அவ்வளவுதான். வினைல் இந்தக் காரத்தைத் தாங்கும். ஆனால் ரப்பர் அடி வைத்த மிதியடியைப் போட்டால் அந்த இடம் மஞ்சளித்துவிடும், எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. குக்கரை இறக்கித் தரையில் வைக்கிற பழக்கம் இருந்தால் ஒரு கடப்பாக் கல்லை வாங்கிப் போட்டுக்கொள்ளச் சொல். அரிவாள்மனைக்கு அடியிலும் ஒரு பலகை வேண்டும்.

11. மிச்சத் துண்டை எடுத்துக்கொண்டு வராதே.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அதற்கு நாலு காசு கிடைக்கும்தான். ஆனால் அது பார்ட்டியின் சரக்கு. ஒரு வருஷம் கழித்துக் கத்தி விழுந்து கிழிந்தால் அதே நிறம் கடையில் கிடைக்காது. அப்போது அந்தத் துண்டைக் கிழிசலின் மேல் டிசைன் பொருந்த வைத்து, இரண்டையும் சேர்த்து ஒரே வெட்டாக வெட்டி, அடியில் இருப்பதை எடுத்துவிட்டு மேலதை உள்ளே பதித்தால் ஒட்டுத் தெரியாது. லாஃப்டில் சுருட்டிப் போட்டால் வெயில் சூட்டில் விறைத்து, விரிக்கும்போது உடையும். கட்டிலுக்கு அடியில் தட்டையாகப் போட்டுவைக்கச் சொல். துண்டின் முதுகில் மாடல் நம்பரையும் எந்தப் பசை போட்டாய் என்பதையும் மார்க்கரால் எழுதிக் கொடு, அடுத்து வருகிற ஆள் நீயாக இல்லாமலும் இருக்கலாம்.