அறுபதுக்கு மேல் மார்கழிக் கச்சேரி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

டிசம்பர் பாதியைத் தாண்டினால் சென்னையின் சபா வாசல்களில் நரைத்த தலைகளே அதிகம். 2017இல் இசைக்காக யுனெஸ்கோவின் படைப்பாக்க நகரங்கள் பட்டியலில் சென்னை சேர்ந்தது. அந்தப் பெருமைக்குப் பாடகர்கள் எவ்வளவு காரணமோ, வருஷம் தவறாமல் வந்து உட்காரும் இந்த ரசிகர்களும் அவ்வளவு காரணம். ஆனால் வயதானவர்கள் கச்சேரிக்குப் போவது பற்றி வீடுகளில் புழங்கும் பேச்சில் பாதி தவறு. சிலது ஆபத்து.

“கிளம்பும்போது தண்ணீர் குடிக்காதே, நடுவில் எழுந்து போக வேண்டியிருக்கும்”

எல்லாவற்றிலும் மோசமானது இதுதான். சபாக்களில் கழிப்பறை எங்கே இருக்கும், எப்படி இருக்கும் என்று தெரிந்த பெண்கள்தான் இதை அதிகம் கடைப்பிடிக்கிறார்கள். காலைக் காபியோடு நிறுத்திக்கொண்டு மாலைக் கச்சேரி முடியும்வரை தாக்குப்பிடிப்பவர்கள் உண்டு.

வயது ஏற ஏறத் தாக உணர்ச்சி மங்கும். உடம்பில் தண்ணீர் குறைந்தாலும் தொண்டை வறளாது. பிபி மாத்திரை சாப்பிடுகிறவர், அதிலும் நீர் பிரிவதற்கான மாத்திரை சாப்பிடுகிறவர், தண்ணீரையும் குறைத்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் ரத்தம் கால்களில் தேங்கும். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் அரங்கில் ஒரு பெரும் பகுதி எழும். அந்தக் கூட்டத்தோடு சட்டென்று எழுகிறவருக்கு ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டிக்கொண்டு வரும். விளக்கு மங்கலான அரங்கு, படிப்படியாக இறங்கும் தரை, முன்னால் பின்னால் ஆள். விழுந்தால் இடுப்பெலும்பு. எழுபதைத் தாண்டியவருக்கு இடுப்பெலும்பு முறிந்தால் பல பேருக்குப் பழைய நடை திரும்புவதே இல்லை.

காலையிலிருந்தே வழக்கமான அளவு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து வாருங்கள். கடைசி ஒரு மணி நேரத்தில் மட்டும் அளவாகக் குடித்தால் போதும். டாக்டர் உங்களுக்குத் தண்ணீர் அளவு சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. நீர் மாத்திரையை நீங்களாகவே நிறுத்த வேண்டாம். நேரத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். ஓர இருக்கையாகப் பார்த்து வாங்குங்கள். எழும் முன் பாதங்களைச் சிலமுறை ஆட்டுங்கள். எழுந்ததும் நாற்காலியைப் பிடித்தபடி ஒரு நிமிஷம் நின்று, பிறகு நடங்கள். தனிக்கு எழுவதைவிட, அதற்கு முன்பே ஒரு கீர்த்தனை முடிந்த இடைவெளியில் எழுவது உடம்புக்கும் நல்லது, மிருதங்கக் கலைஞருக்கும் மரியாதை.

“காது மந்தமாகிவிட்டது, இனி கச்சேரி எதற்கு?”

முதுமையில் காது முதலில் இழப்பது மிக உயர்ந்த அதிர்வெண் ஒலிகளை. பொதுவாக 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பவை. ‘ஸ’, ‘ச’ போன்ற எழுத்துகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. அதனால்தான் பேரன் பேசுவது காதில் விழுகிறது, ஆனால் என்ன சொன்னான் என்று புரிவதில்லை. பாட்டின் சங்கதி வேறு. ஐந்து கட்டை சுருதியில் பாடும் ஒரு பாடகியின் ஆதார சட்ஜம் சுமார் 196 ஹெர்ட்ஸ். அவர் தார ஸ்தாயி பஞ்சமத்தைத் தொட்டாலும் 600 ஹெர்ட்ஸைத் தாண்டாது. சாகித்யத்தின் எழுத்து சில இடங்களில் நழுவலாம். ராகம் முழுசாக வந்து சேரும். அறுபது வருஷமாகத் தோடி கேட்ட காதுக்கு அது போதும்.

காது மெஷின் போட்டுக்கொண்டால் பாட்டு கொரகொரவென்று கேட்கிறது என்பார்கள். அது உண்மைதான், குறை மெஷினில் இல்லை, அதில் வைத்திருக்கும் அமைப்பில். பேச்சைத் தெளிவாக்கவே அது அமைக்கப்பட்டிருக்கிறது. நீண்டு நிற்கும் புல்லாங்குழல் ஸ்வரத்தைத் தன்னுடைய ‘கீச்’ சத்தம் என்று நினைத்து அடக்கப் பார்க்கும். பல மெஷின்களில் இசைக்கென்று தனி அமைப்பு வைக்க முடியும். சீசனுக்கு முன்பே ஆடியாலஜிஸ்டிடம் போய்க் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இதன் மறுபக்கம், ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் நன்றாகக் கேட்கும் என்பது. மங்கிய காதையும் சத்தம் மேலும் கெடுக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபலானால் 4 மணி நேரம்தான். ஒரே நாளில் இரண்டு கச்சேரி கேட்பவர் ஸ்பீக்கரை விட்டுத் தள்ளி, நடுவரிசையில் உட்காரட்டும்.

“சாப்பாட்டுக்குத்தான் கேன்டீன் இருக்கிறதே”

இருக்கிறது, வரிசையும் இருக்கிறது. சர்க்கரை நோயாளிகள் அதை நம்பி வீட்டிலேயே இன்சுலின் போட்டுக்கொண்டு வரக்கூடாது. இலை கைக்கு வர முக்கால் மணி நேரம் ஆனால் சர்க்கரை தாழும்: வியர்வை, கை நடுக்கம், படபடப்பு. பாட்டில் லயித்திருப்பவருக்கு அது தெரியாமலே போகலாம். சட்டைப் பையில் குளுக்கோஸ் அல்லது சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

“முழுசாக உட்கார முடியாதவர் போகாமலிருப்பதே மரியாதை”

இல்லை. உருப்படிக்கும் உருப்படிக்கும் நடுவில் யாரும் எழுந்து போகலாம். பல சபாக்களில் மதியக் கச்சேரிக்கு டிக்கெட்டே கிடையாது, கூட்டமும் குறைவு. இளம் பாடகர்கள் பாதி காலி நாற்காலிகளுக்குப் பாடும் நேரம் அது. அங்கே ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வந்தாலே அவர்களுக்குப் பெரிய உபகாரம்.

ஜனவரி வாக்கில் திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை வரும். காவிரிக் கரையில் பந்தலடியில் கூட்டத்தோடு உட்கார்ந்து பஞ்சரத்னம் கேட்க வேண்டும் என்ற ஆசை பலருக்கும் உண்டு. சம்மணம் போட முடியாதவர் மடக்கு முக்காலி கொண்டுபோகலாம். சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்கள் செருப்பைக் கழற்ற வேண்டிய இடத்தில் காலுறை போட்டுக்கொண்டு, திரும்பியதும் உள்ளங்காலைப் பார்த்துவிட வேண்டும். முள் குத்தியது தெரியாமல் புண்ணாகிக் காலையே இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு நம்பிக்கை: கைப்பிடியும் சாய்தளமும் சபாக்காரர்கள் பெரிய மனது வைத்துச் செய்து தர வேண்டியவை என்பது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016 பொதுக் கட்டடம் என்று சொல்வதில், மக்கள் வந்து போகும் தனியார் கலாசார அரங்குகளும் அடங்கும். 2017இல் விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் அவை எல்லோரும் அணுகக்கூடியதாக மாற்றப்பட்டிருக்க வேண்டும். கெடு தாண்டிப் பல வருஷம் ஆகிவிட்டது. இந்த முறை சீசன் டிக்கெட் வாங்கும்போது, கழிப்பறை எந்தத் தளத்தில் இருக்கிறது, படியில் கைப்பிடி உண்டா என்று சபா அலுவலகத்தில் கேளுங்கள். இல்லையென்றால் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.