இத்தாலிய ரயில்களில் பிரயாணம் செய்வோருக்கு
இத்தாலியில் ரயில் பிரயாணத்துக்குத் திட்டமிடுகிறவர்கள், ஃப்ரெச்சாரோஸ்ஸா, இத்தாலோ முதலிய அதிவேக வண்டிகளிலும் இன்டர்சிட்டி வண்டிகளிலும் ஆசனத்தை முன்பதிவு செய்வது கட்டாயமென்பதையும், பிரயாண தினம் நெருங்க நெருங்கக் கட்டணம் பெரும்பாலும் உயருமென்பதையும் முதலில் கவனத்தில் கொள்வது உசிதம். ரெஜியோனாலே எனப்படும் பிராந்திய வண்டிகளுக்கோ கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. முந்தி வாங்குவதால் லாபமில்லை. ஆனால் அவற்றின் காகிதச் சீட்டை, வண்டி ஏறுமுன் நிலையத்திலுள்ள சிறு இயந்திரத்தில் செருகி நேரமுத்திரை பெறாவிட்டால், சீட்டு கையிலிருந்தும் அபராதம் செலுத்த நேரிடும். பரிசோதகரிடம் அறியாமையைக் காரணமாகச் சொல்வது அநேகமாகப் பயன் தராது. வெனிஸ் செல்பவர், நிலப்பகுதியிலுள்ள மெஸ்த்ரேயில் இறங்கிவிடாமல், சாந்தா லூச்சியா நிலையம் வரை சீட்டு வாங்குக. வேலைநிறுத்தம் வார நாளில் நேர்ந்தால், காலையிலும் மாலையிலும் 6 முதல் 9 மணி வரை அத்தியாவசியப் பிராந்திய வண்டிகள் ஓடும்.